நாவற்பழ நிற வண்டியும் சுறா எண்ணெயும்

நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைதான். மீதிப் படிப்பெல்லாம் ராயபுரத்துக் கடற்கரை ஓரத்தில் ஜனங்களின் வாயிலிருந்து பொறுக்கியது. எங்கள் பக்கத்து ஆட்கள் திட்டினால்கூட நின்று கேட்கலாம், அவ்வளவு ருசியாகத் திட்டுவார்கள். வேலையில் சுணங்கி நிற்பவனைப் பார்த்து, "இன்னாடா, உன் கால்ல யார்னா நங்கூரம் கட்டிட்டாங்களா?" என்பார்கள். அதிகம் பேசுகிறவனை, "இவன் வாய்க்கு ஒரு தார்ப்பாய் தெச்சுக் கொடுங்கப்பா" என்பார்கள். அந்தத் தார்ப்பாய்ப் பேச்சு பெரும்பாலும் எனக்காகச் சொல்லப்பட்டது. உண்மையில் ஒரே ஒரு நாள் அப்படி யாராவது எனக்குத் தைத்துக் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கப்பல் சாமான் இறக்கி ஏற்றும் ஒரு கம்பெனியின் யார்டில் நான் அப்போது வார்னிஷ்காரன். அதற்கு முன்னால் குதிரை வண்டிகளுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தேன். ஜட்கா குறைந்து டிராமும் மோட்டாரும் பெருகவே, கம்பெனிப் படகுகளுக்கு நம்பர் எழுதுவதும் ஆபீஸ் கதவுகளுக்கு வார்னிஷ் அடிப்பதுமாகப் பிழைப்பு மாறியது. யார்டின் ஒரு மூலையில் எனக்கென்று தகரக் கொட்டகை. டர்பன்டைன் வாசனை அங்கிருந்து வாசல் வரை அடிக்கும்.

கம்பெனித் துரை ஒரு மோட்டார் வாங்கினார். நாவற்பழத்தைத் துடைத்து வைத்தாற்போல் கறுப்பும் சிவப்பும் கலந்த நிறம். அது வந்த அன்று நான் பக்கத்தில் போய் நின்று, தொடாமல், வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் காலத்தில் இயந்திரத்தால் தெளித்துவிடுகிறார்கள். அந்த வண்டிக்கு யாரோ ஒரு மனிதன், எந்த ஊரிலோ, பூச்சின்மேல் பூச்சாகப் போட்டு, ஒவ்வொன்றும் காய நாள்கணக்கில் காத்திருந்து, தேய்த்து, மறுபடி பூசி முடித்திருந்தான். எனக்குத் தெரியாத அந்த மனிதனை அன்றைக்குக் கும்பிடலாம் போலிருந்தது.

ஒரு மாசி மாதத்தில் துரை ஆறு மாத லீவில் சீமைக்குக் கிளம்பினார். பங்களாவில் வேறொருவர் குடிவந்துவிட்டார். கிடங்குகளில் சணல் மூட்டையும் தோலும் கூரை வரை அடுக்கியிருந்தன. வண்டியை யார்டிலேயே வெட்டவெளியில் விட்டுப்போவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ரயில் பாதை. உப்புக் காற்று ஒரு கன்னத்தில் அறையும், கரிப்புகை மறு கன்னத்தில் அறையும். வர்ணத்துக்கு அதைவிடக் கெட்ட இடம் இந்தப் பட்டணத்திலேயே கிடையாது.

யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்தபோது நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றேன். துரை என்னைப் பார்த்துச் சிரித்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். கிடங்குக் கணக்கு எழுதும் ஸ்டோர் ரைட்டர் எல்லாருக்கும் கேட்கும்படி அதைத் தமிழில் சொன்னார்: "வர்ணக்காரன்கிட்ட விட்டா, வந்து பார்க்கும்போது வர்ணம் அடிச்சே ஆகணும்னு நிப்பானாம். அதனால நீ வேணாமாம்."

யார்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வேலை யாருக்குப் போயிற்று என்றால், யார்டில் கயிறு பின்னிக்கொண்டிருந்த ஒரு மீன்காரருக்கு. நாற்பது வயதிருக்கும். அலையில் கட்டுமரம் உருண்டு வலது தோள் நொறுங்கியதிலிருந்து அவரால் துடுப்புப் போட முடியாது. கடலுக்குப் போக முடியாத மீன்காரனுக்கு எங்கள் பக்கத்தில் இருக்கிற மரியாதையைச் சொல்ல வேண்டியதில்லை. பொண்டாட்டி மீன் கூடை சுமந்து விற்றுத்தான் அடுப்பு எரிந்தது. அவளும் அப்போது பிள்ளையாண்டிருந்தாள். அதற்கு முன் இரண்டு போய்விட்டதாம்.

துரை அவருக்குச் சொன்ன வார்த்தை எல்லோருக்கும் தெரியும்: "நான் திரும்பி வந்து பார்க்கும்போது என் முகம் இந்த வண்டியில் தெரிய வேண்டும். தெரிந்தால் வாசல் காவல் வேலை உனக்கு நிரந்தரம், லைன் வீடும் உனக்கே. தெரியாவிட்டால் அன்றைக்கே வெளியே." அதுவரை தங்கிக்கொள்ள, கம்பெனி ஆட்களின் வரிசை வீடுகளான லைனில் ஓர் அறையைத் திறந்துவிட்டார்கள். காரைத் தரை, ஓட்டுக் கூரை. அந்தப் பெண் அந்தத் தரையை முதல் நாள் மூன்று தடவை கழுவினாள் என்று பக்கத்து அறைக்காரி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அவரை நான் மாமு என்பேன். அவர் என்னை நைனா என்பார். எனக்கு அவர்மேல் ஒரு கோபமும் இல்லை என்றுதான் வெளியே நடந்துகொண்டேன்.

இப்போது ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த மனிதர் வேலையைப் பிரமாதமாகச் செய்தார். முதல் நாளே யார்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் வைத்துப் பார்த்துத் துப்பினார். "இத்தினி உப்பு கீற தண்ணியில கயுவுனா, கடல்லயே தள்ளிட்டாப்போல" என்றார். தெருக்குழாயிலிருந்து நல்ல தண்ணீராகக் கொண்டுவந்தார். அவருக்குத் தோள் ஒத்துழைக்காததால் பாதிக் குடங்களை அவள்தான் இடுப்பில் சுமந்தாள், ஒரு பக்கம் குடம், முன்னால் வயிறு. முதலில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றி மணலையும் கரியையும் ஓடவிட்டு, அப்புறம்தான் துணி வைப்பார். காய்ந்த வண்டியை ஒரு நாளும் துடைத்ததில்லை. காய்ந்த வண்டியைத் துடைக்கிறவன் வர்ணத்தை மணலால் அறுக்கிறான், அது எனக்குத் தெரியும். அவருக்கு யார் சொன்னது?

துரை விட்டுப்போன பெரிய கித்தானைக்கூட அவர் வண்டிமேல் அப்படியே போடவில்லை. பாய்மரம் கட்டிப் பழகிய கை. நான்கு மூங்கில் நட்டு, பந்தல் போல மேலே இழுத்துக் கட்டினார். கித்தான் வர்ணத்தைத் தொடாது, காற்று அடியில் புகுந்து போகும். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். அதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

யார்டு ஆட்கள் அவரை விடவில்லை. "இன்னா மாமு, கட்ன பொண்டாட்டி முதுகு இப்டி ஒரு நாள்னா தேய்ச்சுக்கீறியா?" என்பான் ஒருவன். "வண்டிக்குக் காலை வணக்கம் சொன்னியா? சொல்லாட்டி கோச்சுக்கும்" என்பான் இன்னொருவன். அவர் பல்லைக் காட்டிக்கொண்டு, "கோச்சுக்கட்டும், துரைகிட்ட எய்திப் போட அதுக்குக் கை கீதா?" என்பார். அந்தப் பதில் எல்லாரையும் சிரிக்க வைத்தது. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. யார்டில் பேச்சுக்கு நான்தான் என்று இருந்தேன்.

பங்குனி முடிந்து வெயில் ஏறியது. எவ்வளவு கழுவினாலும் கடற்காற்று காற்றுதானே. வண்டியின் முகப்பில் லேசாக ஒரு மங்கல் விழுந்தது, கண்ணாடியில் மூச்சு விட்டாற்போல. அது பெரிய விஷயமே இல்லை. மெழுகை மெல்லிய துணியில் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தால் ஒரு பகலில் போய்விடும். அந்த மெழுகு டப்பா என் கொட்டகையில், பலகைமேல், கைக்கெட்டும் இடத்தில் இருந்தது.

ஒரு காலையில் அவர் கொட்டகை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார்.

"நைனா, வண்டிக்கு மூஞ்சி வெளுத்துகினே வருது. இதுக்கு இன்னா பண்ணலாம்?"

நான் தூரிகையைக் கழுவிக்கொண்டே, நிமிராமல் கேட்டேன்: "உங்க கட்டுமரத்துக்கு வெயில்ல இன்னா பூசுவீங்க, மாமு?"

"மரத்துக்கா? சுறா எண்ணெ. ஈரல உருக்கிப் பூசுவோம். உப்பு உள்ள பூராது."

"அப்பால என்கிட்ட இன்னாத்துக்குக் கேக்கற?"

இவ்வளவுதான் நான் பேசியது. பூசு என்று நான் சொல்லவில்லை. பல வருஷம் இதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: நான் கேள்விதான் கேட்டேன், பதில் சொல்லவேயில்லை. கடற்கரையில் அத்தனை பேரும் தலைமுறை தலைமுறையாக மரத்துக்குச் செய்வதை அவர் வண்டிக்குச் செய்தால், அதற்கு நான் எப்படிப் பொறுப்பு? வெறும் மரம் எண்ணெயைக் குடிக்கும், வார்னிஷ் குடிக்காது. மேலேயே நின்று பிசினாகும். இந்த ஒரு வரியைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? தூரிகையில் இருந்த வர்ணம்கூட அதற்குள் காய்ந்திருக்காது.

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "அத்த சொல்லு! இது எனக்குத் தோணலியே. பெரிய தோஸ்து நைனா நீ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காசிமேட்டில் ஈரல் வாங்கி, லைன் அறைக்குப் பின்னால் மண்சட்டியில் வைத்து அவள் உருக்கினாள். அந்த வாடைக்கு வரிசை முழுக்க மூக்கைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் வெயில் ஏறுவதற்குள் அவர் வண்டி முழுவதும் பூசி முடித்திருந்தார். நான் போய்ப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கே ஒரு கணம் திக்கென்றது. வண்டி அப்படிப் பளபளத்தது. ஆட்கள் வரிசையில் நின்று முகம் பார்த்து மீசையை முறுக்கினார்கள். ஸ்டோர் ரைட்டரும் எட்டிப் பார்த்து நெற்றி நாமத்தைச் சரிசெய்துகொண்டார். மீன்காரர் என் தோளைத் தட்டி, "இன்னா நைனா, துரைக்குப் பல்லுல எத்தினி சொத்தைன்னு எண்ணலாம் போலக்கீது!" என்றார்.

மூன்றாம் நாள் ஈ வந்தது. அப்புறம் பூனை.

ராயபுரத்துப் பூனைகளைப் பற்றி நான் தனியாகவே எழுதலாம். அவை மனிதனுக்கு ஒதுங்குகிற ஜாதி அல்ல. பந்தலுக்கு அடியில் புகுந்து முகப்பில் ஏறி உட்கார்ந்து, நாக்கால் நக்கியும் நகத்தால் பிறாண்டியும் விருந்து சாப்பிட்டன. அவர் கழியோடு ஒரு பக்கம் விரட்டினால் மறு பக்கம் ஏறும். ஆட்களுக்கு வேலையே ஓடவில்லை. "மாமு, டிக்கெட் போட்டு உடு, எல்லாரும் வந்து பார்க்கட்டும்!" "துரை வர்றதுக்குள்ள வண்டி குட்டி போட்டுடும் மாமு!" எல்லாவற்றுக்கும் மேலாக நான் ஒன்று சொன்னேன். என்ன சொன்னேன் என்று நன்றாக ஞாபகம் இருக்கிறது, எழுத மாட்டேன். அன்று யார்டில் அதற்குத்தான் அதிகச் சிரிப்பு. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

பூனையைத் தடுக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பந்தலைப் பிரித்து, கித்தானை வண்டியோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். பத்து நாள் வெயில். எண்ணெய் பாதி காய்ந்து பசையானது. பிரிக்கப் போனபோது கித்தான் வரவில்லை. இழுத்தார். வந்தது, வரும்போது தோல் உரிகிற மாதிரி சத்தம் கேட்டது. வண்டி முழுக்கக் கித்தானின் நெசவு குறுக்கும் நெடுக்குமாகப் பதிந்திருந்தது. அதன்மேல் ரயில் கரி வந்து உட்கார்ந்தது.

அன்று மத்தியானம் என் கொட்டகைக்கு அவர் வரவில்லை. அவள் வந்தாள். ஐந்து மாதம் இருக்கும். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, அத்த எடுக்க எதனாச்சும் மருந்து கீதா? அவரு சாப்டவே மாட்டேங்கறாரு."

டர்பன்டைன் இருந்தது. நாலு டின். துணியில் நனைத்துப் பொறுமையாகத் தடவினால் பசை இளகியிருக்கும், வர்ணத்தில் பாதிக்கு மேல் தப்பியிருக்கும்.

"அதெல்லாம் கம்பெனி சரக்கும்மா" என்றேன். "ஸ்டோர் ரைட்டர் சீட்டுக் கொடுத்தாத்தான் தொட முடியும். இப்ப டின்னுகூடக் காலி."

அவள் மூக்கை உயர்த்தி ஒரு தரம் மோந்தாள். "காலியா? வாசனை வாசல் வரைக்கும் வருதே அண்ணே" என்றாள். நான் தூரிகையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். அவள் "சரி, கீற வேலையப் பாருங்க" என்று திரும்பிப் போனாள். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பிறகு அவர்களுக்குத் தெரிந்ததை அவர்கள் செய்தார்கள். எண்ணெய்ச் சட்டியை எதைப் போட்டுத் தேய்ப்பார்கள்? அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து நாவற்பழ வண்டியைச் சட்டி தேய்க்கிற மாதிரி தேய்த்தார்கள். பசை போயிற்று. கூடவே எல்லாம் போயிற்று. நான் படகு ஒன்றுக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்தேன். எட்டு என்ற எண்ணின் மேல் சுழியை அன்றைக்குப் போல அழகாக நான் போட்டதேயில்லை.

ஆவணியில் துரை வந்து இறங்கினார். நேராக யார்டுக்குத்தான் வந்தார், வெயில் உச்சியில் இருந்தது. மீன்காரர் வெள்ளை வேட்டி கட்டி, வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவள் நிறைமாதமாய் லைன் வாசலில் நின்றிருந்தாள். துரை வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். முகப்பில் குனிந்து தன் முகத்தைத் தேடினார். கீறல்தான் இருந்தது. விரலை வைத்துத் தடவி மோந்து பார்த்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"என்ன பூசியிருக்கான்னு கேக்கறார்" என்றார் ஸ்டோர் ரைட்டர்.

"சுறா எண்ணெய் ஐயா. அப்புறம் சாம்பல் போட்டுத் தேய்ச்சுக்கீறார்."

"வண்டியைக் காப்பாத்த வழி இருந்ததான்னு கேக்கறார்."

மீன்காரர் என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் நம்பிக்கை இருந்தது. அதை இப்போதும் என்னால் வேறு மாதிரி எழுத முடியவில்லை. நான் அவருக்காக ஏதோ சொல்லப்போகிறேன் என்று நின்றிருந்தார்.

"இருந்தது ஐயா" என்றேன். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா."

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அந்தக் கேள்வியையும் பதில் கேள்வியையும் அங்கே, ஆங்கிலமும் தமிழுமாக, அத்தனை பேருக்கு நடுவில் எப்படி எடுத்துச் சொல்வது? என்னிடம் கேட்டார்தான், நான் ஒன்றும் சொல்லவில்லைதான். பேசத் தெரிந்தவன் நான், அவர் இல்லை.

துரை கோபப்படவில்லை. சிரித்தபடியே ஏதோ சொன்னார். ஸ்டோர் ரைட்டருக்கு அதை மொழிபெயர்க்கக் கொஞ்சம் தயக்கம் இருந்தது, ஆனாலும் செய்தார்: "வண்டி பட்டதை இவனும் பட்டுப் பார்க்கட்டுமாம்."

அந்தக் கித்தானை, எண்ணெய்ப் பசையும் கரியும் ஒட்டியிருந்த அதே கித்தானை, மீன்காரர் தலையோடு போர்த்தி, வண்டிக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். துரை ஆபீசுக்குள் போய்விட்டார். வேலை முடியும் மணி அடிக்கும் வரை நிற்க வேண்டும் என்று உத்தரவு. கித்தானின் நான்கு மூலையில் ஒன்றைப் பிடித்து இழுத்துச் சரிசெய்தது நான். முதலில் ஆட்கள் சிரித்தார்கள். "மாமு, உள்ளே காத்து வருதா?" என்று ஒருவன் கேட்டான். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்று, அவனவன் வேலைக்குப் போனான். கித்தானுக்குக் கீழே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. சூடு தாங்காமல் ஒன்று மாற்றி ஒன்று தூக்கிக்கொண்டிருந்தன. ஒரு பூனை வந்து அந்தக் கித்தானின் ஓரத்தை நக்கியது. அவள் வந்து அந்தப் பூனையை விரட்டினாள். அப்புறம் ஒரு செம்புத் தண்ணீரை அவர் பாதத்தில் ஊற்றிவிட்டுப் போனாள். யாரும் தடுக்கவில்லை.

மணி அடித்ததும் அவரே கித்தானை எடுத்து மடித்தார். மூலைக்கு மூலை சேர்த்து, பாய் மடிக்கிற மாதிரி ஒழுங்காக மடித்து, வண்டிக்குள் வைத்தார். வெளிச்சம் இருக்கும்போதே இரண்டு பேரும் லைனைக் காலி செய்தார்கள். ஒரு பானை, ஒரு பாய், மாதா படம் ஒன்று. எண்ணூர் உப்பளத்தில் அவரைப் பார்த்ததாக யாரோ பிறகு சொன்னார்கள். பிள்ளையைப் பற்றி நான் விசாரிக்கவில்லை.

வாசலைத் தாண்டும்போது என் கொட்டகைப் பக்கம் அவள் திரும்பினாள். "போய்ட்டு வர்றோம் அண்ணே" என்றாள். எங்கள் பக்கத்தில் எல்லாரும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போகிற வார்த்தைதான்.

வண்டிக்கு வர்ணம் அடிக்கும் வேலை எனக்கு வந்தது. துரை சொன்னபடியே வர்ணக்காரன் கைக்குத்தான் கடைசியில் வந்து சேர்ந்தது. பழைய பூச்சு முழுவதையும் நுரைக்கல்லால் தேய்த்து எடுத்தேன். பின்புறம் மாட்டியிருந்த உபரிச் சக்கரத்தைக் கழற்றியபோது, அதன் மறைவில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு வர்ணம் இருந்தது. எண்ணெய்க் கை அங்கே நுழையவில்லை, சாம்பலும் எட்டவில்லை. தினம் அவர் ஊற்றிய குழாய்த் தண்ணீர் மட்டும்தான் அங்கே ஓடியிருக்கிறது. உப்பு இல்லை, மங்கல் இல்லை, ஒரு மயிரிழைக் கீறல் இல்லை. கப்பலில் இருந்து இறங்கிய அன்று இருந்த அதே நாவற்பழம். குனிந்தேன், என் முகம் தெரிந்தது.

நுரைக்கல்லைத் தண்ணீரில் தோய்த்து அந்த இடத்தையும் தேய்த்தேன்.

அந்த வழியாக வந்த ஸ்டோர் ரைட்டர் நின்று பார்த்தார். "ஏன்யா, அந்த இடம் நல்லாத்தானே இருக்கு? அதை ஏன் எடுக்கறே?"

"எல்லாம் ஒரே மாதிரி வரணும் ஐயா" என்றேன்.